மெர்வியின் கெட்டிக்காரக் கட்டடம்

நாலாவது மாடியின் சவுனா என்னும் நீராவிக் குளியலறை தானாகச் சூடேறத் தொடங்கியபோது மணி பன்னிரண்டு. மெர்வி கணினித் திரையைப் பார்த்தாள். அறுபது டிகிரி, ஏறிக்கொண்டிருந்தது.

இன்றைக்கு மட்டும் இது நடந்திருக்கக் கூடாது. இரண்டு மணிக்கு, துர்கு நகருக்கு மின்சாரம் அனுப்பும் நிறுவனத்திலிருந்து கட்டடத்தைச் சோதிக்க ஹில்க்கா வருகிறாள். வெளியே மின்சாரத் தட்டுப்பாடு வந்தால் இந்தக் கட்டடம் தானே அறிந்து செலவைக் குறைத்துக்கொள்ளும், எந்த அறையில் ஆள் இருக்கிறது என்பதை அலுவலக நாட்காட்டியைப் படித்தே தெரிந்துகொள்ளும் என்று மெர்வி எழுதிக் கொடுத்திருந்தாள். சோதனையில் தேறினால் அவளுக்கு வேலை நிரந்தரம். தேறாவிட்டால் நாளைக்கே மேசையைக் காலி செய்யலாம் என்று மேலாளர் பென்ட்டி காபி குடித்தபடியே சொல்லியிருந்தார்.

சோதனைக்காக எல்லா அறைகளையும் மதியத்துக்கு மேல் காலி என்று நாட்காட்டியில் குறித்திருந்தாள். வியாழக்கிழமை மதியம் மொத்த அலுவலகமும் சும்மா இருக்கிறதென்றால் எல்லோரும் சவுனாவுக்குத்தான் போவார்கள் என்று கட்டடம் முடிவு கட்டிவிட்டது. ஃபின்லாந்தில் அதைத் தப்பென்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாம் மாடியில் நாற்பது பேருக்கு ஒரு பொய்க் கூட்டத்தைப் பதிவு செய்தாள். சவுனா அணைந்தது. பத்தே நிமிடத்தில் இரண்டாம் மாடியின் ஆறு காபி இயந்திரங்களும் ஓடத் தொடங்கின.

கூட்டத்தை ரத்து செய்தாள். கட்டடம் காரணம் கேட்டது. எல்லோருக்கும் உடம்பு சரியில்லை என்று எழுதினாள். காபி நின்றது. நோயாளிகளுக்குக் குளிரக் கூடாதென்று அந்த மாடி முழுக்க வெப்பம் இருபத்தேழு டிகிரிக்கு ஏறியது. ஆட்கள் ஸ்வெட்டரைக் கழற்றத் தொடங்கினார்கள்.

படிக்கட்டில் கட்டடப் பராமரிப்பாளர் உர்ஹோ மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தார்.

"எங்க ஓடுறீங்க? இன்னிக்கு யாரும் எதையும் தொடக் கூடாது. எல்லாம் அதுவா நடக்கணும்," என்றாள் மெர்வி.

"நடக்குது, நடக்குது," என்றபடி அவர் மேலே போனார்.

இரண்டு மணிக்கு வாசலில் ஹில்க்காவின் கார் வந்து நின்றது. வேறு வழி தெரியாமல், தட்டுப்பாடு என்று கட்டடம் நம்பட்டும் என, மின்சார விலை யூனிட்டுக்கு நாற்பது யூரோ என்று பொய்யாகத் தட்டிவிட்டு மெர்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

விளக்குகள் அணைந்தன. ஆனால் ஒரேயடியாக அல்ல. மாடி மாடியாக, அறை அறையாக. பென்ட்டி இறங்கும் வரை லிஃப்ட் காத்திருந்து நின்றது. மூன்றாம் மாடியில் கணக்குப் பிரிவு சிர்க்கா காலுறை பின்னிக்கொண்டிருந்த மேசையில் மட்டும் விளக்கு எரிந்தது.

நோட்டுப் புத்தகத்தோடு மெர்வியின் பின்னாலேயே நடந்த ஹில்க்கா எழுதுவதை நிறுத்தினாள்.

"மத்த கட்டடமெல்லாம் பட்டுனு இருட்டாயிடும். இது ஆளைப் பாத்துப் பாத்து அணைக்குது. இப்படி ஒரு புத்திசாலி இயந்திரத்தை நான் பாத்ததே இல்ல."

அங்கேயே கையெழுத்துப் போட்டாள். பென்ட்டி மெர்வியின் கையைக் குலுக்கி, வேலை நிரந்தரம் என்றார். அவர் இதுவரை யார் கையையும் இரண்டு முறை குலுக்கியதில்லை, இன்று குலுக்கினார்.

"திங்கக்கிழமையிலருந்து நம்ம மத்த பதினோரு கட்டடத்தையும் இதுவே ஓட்டட்டும்."

கடைசிப் படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த உர்ஹோ, தன் கைபேசியை மெர்வியிடம் நீட்டினார்.

"ஸ்விட்சுக்குப் போற ஒயர் அறுந்த நவம்பர்லருந்து 'கையால் செய்யவும்'னு இது எனக்குத்தாம்மா சேதி அனுப்பிக்கிட்டிருக்கு, அந்தப் பதினோரு கட்டடத்துக்கும் யாரு ஓடுறது?"