ஓட்டெடுப்பில் ஜெயித்த தூண்

சென்னைக்குத் தெற்கே கான்கிரீட்டுக்கு நாடி பிடித்துப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் சுத்தியல் சார்தான். ரிட்டயர்டு கட்டட இன்ஜினீயர். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட்ஸின் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்தார். சொந்தப் பெயர் கேஸ் சிலிண்டர் புக்கில் மட்டும்தான் இருந்தது.

காலையில் ஊரே வாக்கிங் போகும். இவர் கார் பார்க்கிங்கில் ஒவ்வொரு தூணாகச் சின்ன சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். பொத்தென்று சத்தம் வந்தால் அங்கே சாக்பீஸ் வட்டம். ஃப்ளாட் வாங்க வந்தவர்கள் வட்டத்தைப் பார்த்துவிட்டு லிஃப்ட்டில்கூட ஏறாமல் திரும்பினார்கள். சங்கச் செயலாளரான நான் ஈரத்துணியோடு அவர் பின்னால் அலைந்தேன்.

"நாலாவது தூண்ல கம்பி துருப்பிடிச்சு ஊதியிருக்கு சார். அதான் கான்கிரீட்டை வெளியே தள்ளுது. முட்டுக் கொடுத்து ரிப்பேர் பண்ணணும்."

"பெயின்ட் அடிச்சா போதாதா?"

"ஜுரத்துக்குப் பவுடர் போட்டுக்குவீங்களா?"

அந்தத் தூணுக்கு நேர் மேலேதான் என் மகளின் படுக்கை அறை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஃப்ளாட் விலை இறங்கிவிடுமே என்றுதான் கவலைப்பட்டேன்.

சங்கக் கூட்டத்தில், எந்த முட்டாளும் செய்யாததைச் செய்தோம். தூண் பலமாக இருக்கிறதா என்று ஓட்டெடுப்பு நடத்தினோம். பதினொரு கைகள் உயர்ந்தன, தூண் ஜெயித்தது. வாடகைக்காரர் என்பதால் சாருக்கு ஓட்டு கிடையாது. தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். பீதி கிளப்பியதற்காக அவரைக் காலி செய்யச் சொன்னதும் நான்தான். பீர்க்கன்கரணைக்குப் போய்விட்டார். தூணுக்குப் பிஸ்தா பச்சை அடித்தோம்.

அடுத்த மழையில், ஒரு மத்தியானம், தூணிலிருந்து பாளமாகக் கான்கிரீட் விழுந்தது. உள்ளே கம்பி அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. எல்லோரும் தெருவுக்கு ஓடினோம். வெட்கத்தை விட்டு அவருக்குப் போன் செய்தேன்.

குட்டியானை லோடு வண்டியில் இரும்பு முட்டுகளோடும் ஒரு கொத்தனாரோடும் வந்து இறங்கினார். கொத்தனார் தூணைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், இதுக்கு மேலயா குடும்பம் நடத்திகினு இருந்தீங்க?" என்றார்.

சார் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நாங்கள் பதினொரு பேரும் தெருவில் நின்று வேடிக்கை பார்க்க, அவர் அந்தக் கட்டடத்துக்கு அடியில் புகுந்து முட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்தவரிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அதெல்லாம் அப்புறம் சார். பாப்பாவோட ஸ்கூல் வேன் நாலு மணிக்குத்தானே? தெருமுனையில போய் நில்லுங்க. உள்ள விட்டுடாதீங்க."

நாங்கள் துரத்திவிட்ட மனிதர், என் மகள் வீடு திரும்பும் நேரத்தை மறக்காமல் வைத்திருந்தார். தெருவே பார்க்க அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விட மனசு வரவில்லை.