உப்புப் போட்ட ஆடாதொடை

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் ஆராய்ச்சிக்கூடத்துக்குள் நுழையக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நல்லதாகப் போயிருக்கும்.

சூரத், கொச்சி என்று சுற்றிவிட்டு, தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை தூக்கும்போது காசநோய் பிடித்தது. ஆறு மாதத்துக்கு மாத்திரை. மூன்றாம் மாதம், முத்தையாபுரத்தில் எங்கள் தெருவிலிருந்த ஆராய்ச்சி மாணவி ஜெயந்தி ஒரு வேலை கொடுத்தாள். இருமலுக்குக் குடிக்கிற ஆடாதொடை இலையின் சாறு காசநோய்க் கிருமியைக் கொல்லுமா என்று அவள் கல்லூரியில் சோதித்துக்கொண்டிருந்தாள். (நிஜக் கிருமி இல்லை; அதன் சாதுவான ஒன்றுவிட்ட தம்பி.) நான் இலை பறித்து, நிழலில் காயவைத்துத் தர வேண்டும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இலையில் பூசணம். இந்தக் கடற்கரையில் எது கெடப் பார்த்தாலும் ஒரே வைத்தியம்தான். இரண்டு படி உப்பைப் போட்டுப் பிசறினேன். ஜெயந்தியிடம் சொல்லவில்லை. (கருவாட்டுக்காரர் சொல்லிவிட்டா விற்கிறார்?)

சில நாள் கழித்து, கிருமி வளர்த்த ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினாள். சாறு ஊற்றிய இடத்தைச் சுற்றி வழுக்கைத் தலைபோல் பளிச்சென்று ஒரு வட்டம்.

"பாருங்க அண்ணாச்சி! கடையில வாங்கின இலை ஒண்ணும் செய்யல. உங்க இலை ஒரு கிருமிய விடல!"

அன்றைக்கே மாத்திரையை நிறுத்தினேன். மனைவி முத்துலட்சுமிக்குத் தெரியாமல் அதே இலையில் கஷாயம். கடல்நீரைக் குடித்த மாதிரி இருந்தது. வீரியம் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் இருமல் திரும்பியது. கிருமி வெளியேறுகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் அடுத்த மூட்டையோடு போய், மாத்திரையை விட்டதைப் பெருமையாகச் சொன்னேன். ஜெயந்தியின் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன சொல்லுதிய! தட்டுல செத்தா நெஞ்சுக்குள்ளயும் சாவுமா? பாதியில விட்டா கிருமி எந்த மருந்துக்கும் அடங்காமப் போயிரும் அண்ணாச்சி!"

திட்டிக்கொண்டே மூட்டைக்குள் கைவிட்டவள் நின்றாள். "இது என்ன, வெள்ளையா?"

"உப்பும்மா. பூசணம் பிடிச்சிட்டு, அதான் கருவாட்டுக்குப் போடுத மாதிரி…"

"முந்தின மூட்டையிலயுமா?"

தலையாட்டினேன். முக்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மறுவாரம் அந்த வட்டத்தைப் பேராசிரியர்கள் முன்னால் காட்டுவதாக இருந்தாள். அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய்ச் சளி கொடுக்க வைத்தாள். பிறகு, கிருமியைக் கொன்றது இலையா உப்பா என்று பார்க்க, வெறும் உப்புத்தண்ணீரைப் புதுத் தட்டில் ஊற்றினாள்.

மூன்று நாள் ஒவ்வோர் இருமலையும் எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

இரண்டு முடிவும் ஒரே நாளில் வந்தன. என் சளியில் கிருமி இல்லை. விட்ட நாள்களையும் சேர்த்து மாத்திரையை முழுசாக முடிக்கச் சொன்னார்கள். உப்புத்தண்ணீர்த் தட்டில் அதே வழுக்கை.

நான் தேறினேன். ஜெயந்தி உப்பில்லாத இலையோடு முதலிலிருந்து தொடங்கி, ஒரு வருடம் பிந்திப் பட்டம் வாங்கினாள்.

இன்றும் நான் இருமினால் போதும், ஜெயந்தி சொல்லி எல்லாம் தெரிந்துகொண்ட முத்துலட்சுமி உப்பு ஜாடியை என் பக்கம் நகர்த்துவாள். "இந்தாங்க டாக்டர், உங்க மருந்து."

அதனால் தெருவுக்குப் போய் இருமுகிறேன். அங்கே ஜெயந்தி சளி எடுக்கும் டப்பாவோடு நிற்கிறாள்.