மூணாவது வீட்டுல டென்ட்

ஞாயித்துக்கிழமை எனக்குக் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. பிரிக்ஃபீல்ட்ஸ்ல ரெண்டு ரோஜா மாலை வாங்கிக்கிட்டு, கிள்ளான்ல இருக்கிற பொண்ணு வீட்டுக்கு வரணும். எங்க அண்ணனுக்கு நிச்சயதார்த்தம். நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள மாலை மாத்திடணும்.

வீட்டுல எல்லாரும் முன்னாடியே போயாச்சு. அத்தை மட்டும் என்கூட. பாசம்லாம் இல்ல, என் கார்லதான் ஏர்கோன் ஒழுங்கா வேலை செய்யுது.

அவங்க குடியிருக்கிற தாமானுக்குள்ள நுழைஞ்சதும், போன் மேப்ல வழி சொல்லிக்கிட்டிருந்த பொம்பளைக் குரல், வந்து சேர்ந்துட்டதா அறிவிச்சிட்டு வாயை மூடிக்கிச்சு. சுத்திப் பார்த்தா அத்தனையும் ஒரே மாதிரி வீடு! பொண்ணோட தங்கச்சிக்குப் போன் போட்டேன்.

"நம்பரைத் தேடாதீங்க, பாதி வீட்டுல நம்பரே இல்ல. முதல்ல ஒரு வெள்ளை கேட், அடுத்தது மாமரம் உள்ள வீடு, அதுக்கு அடுத்தது டென்ட் போட்ட வீடு. அதான் நாங்க. சீக்கிரம் வாங்கலா!"

"மெதுவா ஓட்டு. ஒவ்வொரு வீடா பார்த்துக்கிட்டே போவோம்"னாங்க அத்தை.

இங்கதான் எனக்குச் சனி பிடிச்சது. நான் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன். அதுக்கு முந்தின வாரம்தான் ஆபிஸ்ல ஒரு தேடல் அல்காரிதத்தைப் பத்தி எல்லாருக்கும் பாடம் எடுத்திருந்தேன். வாய் சும்மா இருக்குமா?

"ஒவ்வொண்ணா பார்க்கிறதெல்லாம் பழைய முறை, அத்தை."

"பின்ன, கண்ணை மூடிக்கிட்டுத் தேடுவியா?"

"கேளுங்க. கம்ப்யூட்டர் ஒரு பெரிய பக்கத்துல ஒரு சொல்லைத் தேடும்போது, கடைசி எழுத்து வரவேண்டிய இடத்தைத்தான் முதல்ல பார்க்கும். அங்க இருக்கிற எழுத்து அந்தச் சொல்லுலயே கிடையாதுன்னா, மொத்தமா தாண்டிக் குதிச்சிடும். நாமளும் மூணாவது வீட்டைப் பார்ப்போம். டென்ட் இல்ல, மாமரம் இல்ல, வெள்ளை கேட்டும் இல்லையா? அதுக்கு முன்னாடி உள்ள ரெண்டையும் பார்க்கவே வேணாம். அடுத்த மூணாவதுக்குத் தாவிடலாம்!"

"இதுக்கா உனக்குச் சம்பளம் கொடுக்கிறாங்க?"

தாவினேன். ரெண்டாவது சந்துல, இங்க லோரோங்னு சொல்வோம், திரும்பினதும், அதோ டென்ட்! சிவப்பு நாற்காலிங்க, வாசல்ல செருப்புக் குவியல்.

"பார்த்தீங்களா!"

அத்தை பார்க்கல. கண்ணாடியில தலைப்பூவைச் சரி பண்ணிக்கிட்டு இருந்தாங்க. "நீ மாலையைக் கொண்டு போய்க் கொடு. நான் பின்னாலயே வரேன்."

ரோடெல்லாம் கார். கோடியில நிறுத்திட்டு, பட்டு ஜிப்பாவும் ரெண்டு கையில ரெண்டு மாலையுமா ஓடினேன்.

யாருமே பட்டு கட்டல. மாடர்ன் குடும்பம் போலன்னு நினைச்சேன். பாட்டுச் சத்தம் இல்ல. நாகரிகமான குடும்பம்னு நினைச்சேன்!

வாசல்ல ஒருத்தர் என் கையைப் பிடிச்சு, "வாங்க தம்பி, உள்ள போய்ப் பாருங்க"ன்னார். உள்ளே போனேன். ஹால் நடுவுல பெட்டிக்குள்ள ஒரு பெரியவர் படுத்திருந்தார்.

நான் திரும்பறதுக்குள்ள அவரோட மகன் வந்து என் கையிலிருந்து மாலையை வாங்கி அவர் கழுத்துல போட்டார். ரெண்டாவது மாலை போட்டோவுக்குப் போயிடுச்சு.

"அப்பாவுக்கு ரோஜான்னா உயிர். உங்களுக்கு எப்படித் தெரியும்?" மகன் என்னைக் கட்டிப் பிடிச்சு அழறார். போட்ட மாலையைக் கழட்டிக் கொடுங்கன்னு எந்த வாயால கேட்கிறது?

"ரொம்ப நல்ல மனுஷன்"னேன். பேர்கூடத் தெரியாது. போன் நம்பர் கேட்டார், கொடுத்தேன்.

வெளியே வந்துதான் பக்கத்து வீட்டைப் பார்த்தேன். மாமரம் இல்ல, பப்பாளி. அதுக்கு அந்தப் பக்கத்து வீட்டு கேட் கறுப்பு.

காருக்கு வந்தா அத்தை அப்பத்தான் இறங்கறாங்க. "மாலை எங்கடா?"

"போட்டுட்டாங்க."

"அதுக்குள்ளயா! மாப்பிள்ளை கழுத்துலயா?"

"இல்ல அத்தை. செத்துப் போனவர் கழுத்துல."

"அடப்பாவி! கிட்ட வராதே! என்னைத் தொடாதே!" கத்திக்கிட்டே பின் சீட்டுக்குப் போயிட்டாங்க. அப்புறம் வழி முழுக்க ஒவ்வொரு வீடா சத்தமாப் படிச்சாங்க. அடுத்த லோரோங்லயே வெள்ளை கேட், மாமரம், டென்ட்.

துக்க வீட்டுக்குப் போனவன் அப்படியே உள்ள நுழைய முடியுமா? கேட்டுக்கு வெளியவே நிக்க வச்சு, கார் கழுவுற பைப்பால தலையில தண்ணி அடிச்சாங்க. அடிச்சது பொண்ணோட தங்கச்சி. சிரிச்சுக்கிட்டே ரெண்டு தடவை அடிச்சா.

மாலைக்கு? பக்கத்துக் கோயிலுக்கு ஆள் ஓடிச்சு. குருக்கள் அம்மன் கழுத்துல இருந்ததையே எடுத்துக் கொடுத்தனுப்பினார். ராகு காலம் தொட்டுடும்ங்கிற நேரத்துல மாலை மாத்தினாங்க. "எங்களுக்கு அம்மன் ஆசீர்வாதம்டா!"ன்னு அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். கடன் வாங்கின சாரோங்ல நான் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன்.

அல்காரிதத்தைக் குத்தம் சொல்லாதீங்க. கடைசி எழுத்து பொருந்தினா, பின்னாடி திரும்பி மத்ததையும் சரிபார்க்கணும்னு அதுல தெளிவாவே இருக்கு. அந்த வரிக்கு வர்றதுக்குள்ள நான் கார்லேருந்து இறங்கிட்டேன்.

நேத்து அந்த மகன் போன் பண்ணினார். அப்பாவுக்குக் கருமாதியாம், கண்டிப்பா வரணுமாம். போகத்தான் போறேன், இந்தத் தடவை வீடு தெரியும்.