மூணாம் நம்பர் ரூம்ல ஆள் தூங்குது

நேத்து எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். லீவு வுட்ட பசங்களை உக்கார வெச்சு புக்கு படிக்க வைக்கணும்.

இருங்காட்டுக்கோட்டையில வரிசையா ரூம் கட்டி, கம்பெனி ஆளுங்களுக்கு வாடகைக்கு வுட்டிருக்கேன். மொத ரூம் தேவி, காலைல ஷிப்ட்டுக்குக் கெளம்பும்போது மக கயலைக் கையில புடிச்சுக்கினு வந்துச்சு.

"ஓனரே, லீவுல புக்கைத் தொடலைன்னா ஸ்கூல் தொறக்கும்போது எல்லாம் மறந்துடும்னு டீச்சர் சொல்லி அனுப்பினாங்க. கொஞ்சம் பாத்துக்குங்க."

"இது ஒரு வேலையா? வுட்டுட்டுப் போம்மா!"ன்னேன். வாய் இருக்கே வாய்!

பக்கத்து ரூம் பசங்க ரெண்டையும் சேத்து வராண்டாவுல உக்கார வெச்சேன். நான் ரெண்டாங்கிளாஸோட நின்னவன். ஒரு வரியைக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள கம்பெனி பஸ்ஸே போயிடும். அதனால நமக்கு ஒரே கணக்குதான். சத்தம் வந்தா படிக்கறாங்க, வரலைன்னா ஏமாத்தறாங்க.

"சத்தமா!"ன்னேன்.

கயல் எடுத்தா பாருங்க தொண்டையை! கதையில ஒரு எலி ராஜாவோட மீசையைக் கத்தரிச்சுக்கினு ஓடுது. ராஜா துண்டால மூஞ்சை மூடிக்கினு சபைக்கு வராரு...

அப்பதான் எனக்கு உறைச்சுது. ஐயய்யோ, மூணாம் நம்பர்ல முருகேசன் தூங்கறானே!

தென்காசிப் பையன். இரும்புத் தகட்டை அமுக்கி வெட்டற பிரஸ் மிஷின்ல நைட் ஷிப்ட்டு. முந்தாநேத்து மிஷின் எதிர்லயே கண்ணு அசந்துட்டான். "இன்னொரு வாட்டி தூங்கினா லைனை வுட்டு வெளியே"ன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாராம். வேலை போனாக்கூட வேற பாத்துக்கலாம். கை போனா?

"நிறுத்து! மனசுக்குள்ள படிங்க."

படிச்சாங்க. ரொம்ப நேரமா ஒரு பக்கமும் திரும்பல.

"இன்னா கயலு, அதே பக்கம்?"

"மனசுக்குள்ள மெதுவாதான் வருது தாத்தா."

டபார்னு மூணாம் நம்பர் கதவு தொறந்துச்சு. லுங்கியோட முருகேசன். கண்ணு ரெண்டும் மொளகாப் பழம்!

"தம்பி, மன்னிச்சுக்கப்பா. இனிமே மூச்சு வுட மாட்டோம்!"

"அண்ணாச்சி, எதுக்கு நிப்பாட்டுனிய? ராத்திரி முழுக்க மிஷின் சத்தத்துலேயே கெடந்துட்டு, இங்க வந்து அமைதியாப் படுத்தா பொட்டுத் தூக்கம் வர மாட்டேங்கு. அந்தப் பிள்ள படிச்சப்பதாம் கண்ணு சொக்குச்சு. கெடுத்துட்டியளே!"

கயலுக்கு ரோசம். "நான் படிச்சா தூக்கம் வருதா அங்கிள்?"

"நல்லாப் படிச்சாத்தாம் வரும். படி தாயி."

ஜன்னல் பக்கம் போய் படிச்சா. எலி வளைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள உள்ளே கொறட்டை. உடனே புக்கை மூடினா.

"ஆள் தூங்கிட்டாரு. வேலை முடிஞ்சுது."

உள்ளே கட்டில் கிரீச்சுன்னுச்சு.

"படி, படி! நிறுத்தினா முழிச்சுக்குவான்!"

மூணு பேரும் மாத்தி மாத்திப் படிச்சாங்க. கதை புக்கு தீந்துச்சு. பாடப் புக்கும் தீந்துச்சு. "தாத்தா, வேற இல்ல!" வூட்டுக்குள்ள ஓடி கல்யாணப் பத்திரிகை, மிக்சி கூட வந்த காயிதம்னு கெடைச்சதெல்லாம் அள்ளியாந்தேன். "மிக்சியைத் தண்ணீரில் மூழ்க வைக்காதீர்கள்!"ன்னு கயல் ராகம் போட்டா, சாயங்காலம் வரைக்கும்.

இன்னைக்குக் காலைல முருகேசன் சிரிச்சுக்கினே வந்தான். "ராத்திரி ஒரு கொட்டாவி கூட இல்ல அண்ணாச்சி! சூப்பர்வைசரே வந்து மூஞ்சியப் பாத்துட்டுப் போனாரு."

பின்னாடியே அஞ்சாம் நம்பர் ஆளு. "ஓனரே, எங்க ஜன்னலாண்டையும் கொஞ்சம் படிக்கச் சொல்லுங்க."

எதிர் பில்டிங்காரன் 'வைஃபை உண்டு'ன்னு போர்டு மாட்டிக்கீறான். நானும் ஒண்ணு மாட்டிட்டேன்: 'பகலில் சத்தமாகக் கதை படிக்கப்படும்.'