நான் கோவிச்சுக்கிட்ட லட்சணம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தோட்டத்துப் பள்ளியில் படித்தது கொஞ்சம், அதிலும் பாதி மறந்துபோச்சு. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோபப்பட ஒரு ஆள் போதும். கோவிச்சுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சாப்பிடாமல், பேசாமல், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும். இன்னொருவர் வந்து, "வா, வந்து சாப்பிடு" என்று கெஞ்ச வேண்டும். அதற்குள் வாய் திறந்தால் படுத்தவர் தோற்றார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மலாயாவில் குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், எனக்குக் கல்யாணமான புதிது. பால் நிறுக்கும் இடத்தில், வேலை வாங்கும் கங்காணி முன்னாலேயே, வாளியோடு வழுக்கி விழுந்தேன். தலையிலிருந்து கால்வரை ரப்பர் பால். எல்லோரும் சிரித்தார்கள். அதிலும் சத்தமாகச் சிரித்தவர் என் வீட்டுக்காரர்.

தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு வந்து, குளித்து, சுவரைப் பார்த்துப் படுத்தேன். (தலைமுடியில் ஒட்டின ரப்பர் போகவில்லை. அது வேறு இழுத்தது.) அவர் வந்தார், பார்த்தார், கெஞ்சாமல் வெளியே ஓடினார். திரும்பியபோது கூடவே தோட்டத்து வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர். அந்தக் காலத்தில் சாப்பிடாமல் படுத்தால் மலேரியாதான், வேறு பேச்சே இல்லை.

"என்னம்மா பண்ணுது?"

நான் மூச்சுவிடவில்லை.

"பேச்சே நின்னு போச்சா? காய்ச்சல் தலைக்கு ஏறிருச்சு."

மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினாவைக் கரைத்து வாயில் ஊற்றினார். குடல்வரை கசந்தது. "மாட்டு வண்டியக் கட்டுங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரலாம்" என்றார். வாசலில் லயமே கூடிவிட்டது. இரண்டு பேர் அழவே ஆரம்பித்தார்கள்.

தோற்பதா, ஆஸ்பத்திரிக்குப் போவதா? நான் ஆஸ்பத்திரிக்குத் தயாரானேன்.

அப்போதுதான் என் நாத்தனார் உள்ளே வந்து குனிந்து பார்த்தாள். "அண்ணே, அண்ணிக்குக் காய்ச்சல் இல்ல. கோவிச்சுக்கிட்டு இருக்காங்க."

"யார்கிட்ட?"

"உங்ககிட்டதான்."

"என்கிட்டயா? ஏன் புள்ள, சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அதுக்குப் பேரு கோவிச்சுக்கிறதா?" என்று எழுந்து உட்கார்ந்து கத்தினேன். தோற்றேன்.

டிரஸ்ஸர் பையை மூடினார். "பேச்சு வந்துருச்சு. மருந்து வேலை செய்யுது."

கூட்டம் போன பிறகு என் வீட்டுக்காரர் தட்டோடு வந்து, "வா, வந்து சாப்பிடு" என்றார். அதற்காகத்தானே படுத்தேன். ஆனால் கசந்த வாயில் சோறு இறங்கவில்லை.

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், "கொயினா கரைக்கவா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

"கோபம்தான் என்று தெரிந்தேதான் டிரஸ்ஸரைக் கூட்டி வந்தேன்" என்று என் வீட்டுக்காரர் இப்போது சொல்கிறார். நாத்தனார் பக்கத்து ஊரான யோங் பெங்கில்தான் இருக்கிறாள். யாராவது அவளிடம் கேட்டுச் சரிபார்த்துச் சொல்லுங்கள். உண்மை என்றால், இன்றைக்கு எனக்குச் சாப்பாடு வேண்டாம்.