‘முன்’ படம் பிடித்த படலம்

வாழி, வாழி! வழுக்கை என்னும் வன்பகையை எதிர்த்துச் சீப்பை வாளாகவும் கைக்கண்ணாடியைக் கேடயமாகவும் இருபுறமும் ஒட்டும் டேப்பை நாகபாசமாகவும் ஏந்தி, மாடிப்படிக்கு அடியில் கிடைத்த ஒற்றை அறையில் விக் கடை என்னும் கோட்டையை எழுப்பி, முடியிழந்தோர்க்கெல்லாம் முடிசூட்டி அனுப்பும் பேரரசியே, நீ வாழி! நின் போரைப் பாடவே யாம் புகுந்தோம். எமக்குக் குரல் இல்லாததால் உரைநடையிலேயே சொல்லித் தொலைக்கிறோம்.

அரசிக்கு வாய்த்த தொழிலோ ஒரு சாபம் பெற்ற தொழில். தையற்காரர் நன்றாகத் தைத்தால் உடுத்தியவர் ஊரெல்லாம் சொல்வார். பல் மருத்துவர் நன்றாகப் பிடுங்கினால் பிடுங்கப்பட்டவர் வாயைத் திறந்தே காட்டுவார். விக் நன்றாக அமைந்துவிட்டாலோ, அணிந்தவர் மூச்சு விடமாட்டார். கடைவீதியில் அரசியே எதிரில் வந்தாலும் முன்பின் பார்த்தறியாதவர் போலக் காய்கறியை முறைத்துக்கொண்டு நிற்பார். ஆகவே கடையின் இன்ஸ்டா பக்கத்தில் மனித முகம் ஒன்றுகூட இல்லை. பொம்மைத் தலைகளே வரிசை வரிசையாக வீற்றிருந்தன. அவற்றுக்கு விழுந்த லைக்குகளில் ஒன்று அரசியின் தம்பி போட்டது, மற்றொன்று அரசியே போட்டுக்கொண்டது. இந்த மாதமும் ஈ ஓட்டினால் கடையை மூடிவிட்டுப் பழைய அலுவலகத்தின் தொலைபேசி மேசைக்கே திரும்புவதாக அவள் வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தாள். 

அப்போதன்றோ வந்தார் மாஸ்டர்! கார் ஓட்டக் கற்றுத் தருபவர். பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதிக்கும் மாந்தர்க்கு அருகே நாள்தோறும் அமர்ந்தும் கண் இமைக்காதவர். விக் வைக்கும் முன்னும் வைத்த பின்னும் படம் எடுத்து இன்ஸ்டாவில் போடலாமா என்று அரசி தயங்கித் தயங்கிக் கேட்க, தொப்பியைக்கூடக் கழற்றாமல் அவர் முழங்கினார்:

“தாராளமா போடுங்கம்மா! என் மூஞ்சி, நான் எதுக்கு மறைக்கணும்?”

அச்சொல் கேட்டு அரசியின் உள்ளம் குளிர்ந்தது. படம் எடுக்கும் பொறுப்பேற்றிருந்த தம்பி துள்ளி எழுந்தான். பின்னர் நிகழ்ந்த முடிசூட்டு விழாவை யாம் எங்ஙனம் விரிப்போம்! அளவெடுத்து, ஓரம் கத்தரித்து, டேப் ஒட்டி, நெற்றிக் கோட்டில் இழை இழையாய் இறக்கி, காதோரத்து நரையோடு புதுமுடியின் நிறத்தைக் கலந்து, அவள் கையெடுத்தபோது நாற்காலியில் மாஸ்டர் இல்லை. மாஸ்டரின் தம்பி போன்ற ஒருவர் அமர்ந்திருந்தார். ‘பின்’ படம் எடுத்தாயிற்று, இடமிருந்தும் வலமிருந்தும் எதிரிலிருந்தும். அதன் பிறகே தம்பியின் முகம் வெளிறியது.

“அக்கா... ‘முன்’ படம் எடுக்கவே இல்லக்கா.”

ஆம்! படம் பிடிக்க வாங்கிய வட்ட விளக்காம் ரிங் லைட்டின் மூன்று கால்களையும் விரித்து நிறுத்துவதிலேயே மூழ்கிக் கிடந்தான் பாவி. தொப்பியோடு வந்த தலை, தொப்பி கழன்ற கணமே அரசியின் கைக்குள் போய்விட்டது. உலகில் அதற்குச் சாட்சி இல்லை.

“மாஸ்டர், ஒரே நிமிஷம் கழட்டிட்டு மறுபடி மாட்டிடலாமா?” என்றாள் அரசி, தேன் ஒழுக.

மாஸ்டர் இரு கைகளாலும் தலையைப் பற்றிக்கொண்டார். மூண்டது போர்! ஒட்டு சரியாகப் பிடித்திருக்கிறதா பார்க்க வேண்டும் என்று அரசி வலப்புறம் வந்தாள். அவர் நாற்காலியை இடப்புறம் சுழற்றினார். அவள் இடப்புறம் பாய்ந்தாள். அவர் முழுவட்டம் சுற்றினார். மின்விசிறியை உச்ச வேகத்தில் வைக்கத் தம்பிக்கு ஆணை பிறந்தது. சுவரிலிருந்த விலைப்பட்டியல் பறந்தது, கடைவாசல் திரை பறந்தது, பொம்மைத் தலை ஒன்று உருண்டு மேசைக்கு அடியில் ஒளிந்தது, மாஸ்டரின் முடியில் ஓர் இழைகூட அசையவில்லை. தன் கைவேலையிடமே தோற்று நின்றாள் அரசி.

கடைசியில் மாஸ்டர் சுற்றுவதை நிறுத்தினார். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, அடங்கிய குரலில் சொன்னார்:

“வீராப்பா பேசிட்டேம்மா. அந்தத் தலைய எத்தனையோ வருஷம் பாத்தாச்சு, இன்னொரு தடவ பாக்க மனசில்ல. நீங்களா இருந்தா கழட்டுவீங்களா, சொல்லுங்க?”

இவ்விடத்தில் வாசகர் எம்மை மன்னிக்க வேண்டும். ஒரு செய்தியை யாம் சொல்லாது விட்டோம். அரசியின் தோளில் புரண்ட கருங்கூந்தலும் கடைச்சரக்கே. பிரசவத்துக்குப் பின் வந்த நெடுங்காய்ச்சலில் உதிர்ந்த முடி திரும்பவே இல்லை. அதை அறிந்தவர் கணவரும் தம்பியும் மட்டுமே. பிறர் முகத்தைப் படம் எடுத்துப் போட வேண்டும் என்று நாளெல்லாம் கெஞ்சியவள், தன் தலையைத் தன் கண்ணாடிக்கே காட்டக் கூசியிருந்தாள். தம்பி அவளைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையசைத்தான்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட மாஸ்டரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “கழட்டுவேன் மாஸ்டர்” என்றாள். அம்பறாத்தூணியிலிருந்து அம்புகளை உருவுவது போல் கிளிப்புகளை ஒவ்வொன்றாக உருவி, களத்தின் நடுவே கவசம் களையும் வீரனைப் போலத் தன் கூந்தலைக் களைந்து மேசைமேல் வைத்தாள் பேரரசி. மின்விசிறிக் காற்று நேராகத் தலையில் பட்டுச் சில்லென்றது.

மாஸ்டர் கண்ணாடியிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “சரிதான், கம்பெனிக்கு ஆள் இருக்கு” என்று முன்தலையில் தாமே நகம் கொடுத்து டேப்பைப் பிரித்தார். இரண்டு வெறுந்தலைகளும் ரிங் லைட்டின் முன் தோளோடு தோள் நின்றன.

“அழுதுட்டே எடுக்காதடா, படம் ஆடும்!” என்று தம்பியை அதட்டினாள் அரசி.

எட்டுத் திசைகளே, கேளீர்! முடியை மீண்டும் சூடிக்கொண்டு எடுத்ததும் சேர, முன்னும் பின்னுமாக இரு தலைகளும் ஏறிய அப்படம், “இந்தக் கடை ஓனரும் எங்க கஸ்டமர்தான்” என்ற பிரகடனத்தோடு வலையுலகின் வானில் ஏவப்பட்டது. ஏவியவள் கைகளைப் பிசைந்தபடி அமர்ந்தாள். தம்பி திரையை விரலால் இழுத்து இழுத்துத் தேய்த்தான். பாடம் சொல்லித் தரப் போக வேண்டிய மாஸ்டரும் போகாமல் புதுமுடியைக் கோதியபடி வாசலில் நின்றார். அக்கணம், போர்முரசு அதிர்ந்தாற்போல் அலைபேசி அதிர, மூன்று தலைகளும் ஒன்றோடொன்று முட்டி மோதிக் குனிந்தன.

ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார்.