எழவாசாரி செய்த தோடு

ஐம்பதுகளில் திண்டுக்கல்லில் செத்துப்போனவர்கள் எல்லாரும் கொடுத்துவைத்தவர்கள். பெற்ற பிள்ளை அழுதானோ இல்லையோ, எழவாசாரி வந்து வாய்விட்டு அழுதுவிட்டுப் போவார். சாதி, மதம், பணக்காரன், பரதேசி என்ற பேதமே கிடையாது. செத்திருந்தால் போதும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் என்னவோ, எனக்குத் தெரியாது. எங்கள் தெருக்கோடியில் நகை வேலை செய்துகொண்டிருந்தார். முகத்துக்கு நேரே "ஆசாரி", முதுகுக்குப் பின்னால் "எழவாசாரி". இந்தப் பேருள்ள மனுஷனிடம்தான் ஊரில் பாதிக் கல்யாணப் பெண்களுக்குத் தோடு செய்யக் கொடுப்பார்கள். வேலை அப்படி.

அவரிடம் ஒரு பிடிவாதம். ஒரு காதுக்குச் செய்த மாதிரியை இன்னொரு காதுக்குச் செய்யவே மாட்டார். "அச்சுல ஊத்திக் குடுக்க நான் என்ன வெல்லமா காய்ச்சுறேன்?" என்பார். அதனால் அடிக்கடி மாட்டிக்கொள்வார். உமி நெருப்பு கனன்றுகொண்டிருக்கும், ஊதுகுழல் கையில் இருக்கும், ஆள் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

"என்ன ஆசாரி, வேலை எம்புட்டுல இருக்கு?"

"கை ஓடலை அப்பு."

கை ஓடவில்லை என்றால் அவருக்கு ஒரே வைத்தியம், எழவு வீடு. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். போய் உட்கார்ந்து, செத்தது யாரென்று பக்கத்து ஆளிடம் விசாரித்துக்கொண்டு, ஓவென்று ஆரம்பிப்பார். பொய்யழுகை இல்லை சாமி, நெஞ்சு நனையக் கண்ணீர் வரும். அழுது முடித்து, வீட்டுக்கு வந்து தலை முழுகிவிட்டு உட்கார்ந்தாரானால் கொறடு பிடித்த கை நிற்காது.

"உள்ள கெடக்குற அடைசலெல்லாம் போயிருதுல்ல. அப்புறம் கை தானா ஓடும்" என்று எனக்கே விளக்கம் சொல்லியிருக்கிறார்.

பேகம்பூரில் தோல் வியாபாரி ஒருவர் மௌத்தானபோது, ஆம்பளைகள் எல்லாம் வாசலில் அடக்கமாக உட்கார்ந்திருக்க, இவர் போட்ட சத்தத்தில் செத்தவரின் மகன் எழுந்து வந்து இவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். "சபூர் செய்யுங்க ஆசாரி, பொறுமையா இருங்க. அத்தாவை அம்புட்டுப் பழக்கமா?" என்று கேட்டார். அத்தாவை இவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

கல்யாணம் வைத்திருக்கிற அம்மாமார்கள் பாடுதான் திண்டாட்டம். ஒரு வருஷம் தை மாதம் ஊரில் சாவே விழவில்லை. எதிர்வீட்டுச் சம்பூர்ணத்தம்மாளுக்கு மகள் கல்யாணம் நெருங்கிவிட்டது, தோடு ஆகவில்லை. குழாயடியில் நின்று, "இந்த ஊருல ஒருத்தரும் சாக மாட்டேங்குறாகளே!" என்று வாய்விட்டே புலம்பிவிட்டாள். குடத்தை வைத்துவிட்டு எல்லாரும் அவளைத் திட்டித் தீர்த்தார்கள்.

அந்த அம்மாள் அதோடு விட்டாளா? அகரத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்த தன் பெரிய மாமனாரைப் பார்த்துவிட்டு வரச்சொல்லி ஆசாரியை அனுப்பிவைத்தாள். எப்படியும் ஆசாரி அங்கே போவதற்குள் கிழவர் கண்ணை மூடிவிடுவார் என்று கணக்கு. ஆசாரி போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். கிழவர் கண்ணைத் திறந்தார். எதிரே எழவாசாரி! "ஏலே, இன்னும் சாகலைடா நானு!" என்று எழுந்து உட்கார்ந்தவர், கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார். அதற்கப்புறம் பல காலம் இருந்தார். அழ முடியாமல் திரும்பிவந்த ஆசாரிதான் பாவம், காய்ச்சல் வந்தவர் மாதிரி கிடந்தார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே போயிருக்கலாம். விதி விடவில்லை.

ஒரு ஐப்பசி அடைமழையில் ஆசாரியின் வீட்டம்மா காய்ச்சலில் விழுந்து, எழுந்திருக்காமலே போய்விட்டாள். அந்த அம்மாள் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. இருந்ததும் தெரியாது, நடந்ததும் தெரியாது. தெருவே கூடிவிட்டது. ஊரான் வீட்டுச் சாவுக்கே அந்த அழுகை அழுகிறவர், சொந்தப் பெண்டாட்டிக்கு என்ன செய்யப்போகிறாரோ என்று எல்லாருக்கும் பயம்.

குளிப்பாட்டுகிறதுக்கு முன்னால் நகையைக் கழற்ற வேண்டும் அல்லவா? எங்கள் அம்மாவும் இன்னும் சில பெண்களும் உள்ளே போனார்கள். போன சுருக்கில் அம்மா வெளியே வந்து நின்றாள். "கழட்டுறதுக்கு ஒண்ணுமில்லையே! தாலிக்கயிறும் காதுல ரெண்டு ஈர்க்குச்சியும்தான் கெடக்கு" என்றாள், யாரிடம் சொல்கிறோம் என்று யோசிக்காமல். ஆசாரி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

அவர் அழவில்லை. ஒரு சொட்டு இல்லை. அன்றைக்கு நின்றது கை.

நாங்கள் மாட்டிக்கொண்டதும் அப்போதுதான். என் தங்கச்சி பாக்கியத்துக்கு நெய்க்காரப்பட்டியில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. அதற்கு முன்னால் ஒரு இடம் பேசி, தட்டிப்போய், ஊர் வாயில் விழுந்து எழுந்த பிள்ளை அவள். அப்பா இல்லாத குடும்பம். நான் புகையிலை மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். பாக்கியத்தின் தோட்டுக்காக அம்மா தன் சங்கிலியைக் கழற்றி ஆசாரியிடம் கொடுத்து, அவர் அதை உருக்கியும் ஆகிவிட்டது. ஒரு ஆசாரி உருக்கினதை இன்னொரு ஆசாரி தொடமாட்டார், அது அவர்களுக்குள் மரியாதை.

மாப்பிள்ளையின் அம்மா ஒருநாள் நேரிலேயே வந்துவிட்டாள். "ஏனுங்க சம்பந்தி, காதுல தோடு இல்லாம புள்ளைய எப்படிங்க மணவறையில உக்கார வெப்பீங்க? நாலு பேரு எங்களையல்லங்க கேப்பாங்க? முடியாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க, நாங்க வேற பாத்துக்கறோம்." அவள் போனபிறகு பாக்கியம் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

நான் மடையன், ஆசாரியின் வைத்தியத்தையே ஆசாரிக்குச் செய்யலாம் என்று பார்த்தேன். சித்தையன்கோட்டையில் ஒரு பெரிய வீட்டு அம்மாள் தவறிவிட்டாள் என்று கேள்விப்பட்டு, அவரைக் கையோடு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். கொட்டு, பந்தல், மாரடித்து அழ ஒரு கூட்டம். என் கண்ணே கலங்கிவிட்டது. ஆசாரி கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து கழற்றின நகைகளைத் தட்டில் வைத்து மகனிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைப் பார்த்ததும் இவர் எழுந்து ரோட்டுக்கு வந்துவிட்டார்.

"வீட்டுக்குப் போவோம் அப்பு. அவ காதுல ஈர்க்குச்சி கெடந்துச்சு. அம்புட்டுப் பேருக்கும் செஞ்சேன். அவளுக்குச் செய்ய நாளு கெடக்குன்னு இருந்துட்டேன்."

நான் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் பாக்கியம் விறுவிறுவென்று ஆசாரி வீட்டுக்குப் போனாள். பின்னாலேயே நானும் ஓடினேன்.

"மாமா, எனக்குத் தோடு செய்ய வேணாம். எங்க தங்கம் ஒங்ககிட்டத்தான இருக்கு? அதுல அத்தைக்குச் செய்யுங்க. அவுகளாலதான் இனிப் போட முடியாது, நான் போட்டுக்கறேன்."



விஷயம் அம்மா காதுக்குப் போனது. சும்மா இருப்பாளா? "அடிப்பாவி! செத்தவ தோட்டைப் போட்டுக்கிட்டா மணவறையில உக்காரப்போற? வெளங்குமாடி?" என்று கத்திக்கொண்டே ஆசாரி வீட்டுக்குள் நுழைந்தாள். "ஆசாரி, ஒண்ணும் செய்ய வேணாம், தங்கத்தைக் குடுங்க!" என்றாள்.

ஆசாரி கோபிக்கவில்லை. "ஆத்தா, அவளுக்கு என்னா புடிக்கும்?" என்று கேட்டார். "இந்தப் புள்ள அவளுக்குச் செய்யச் சொல்லுது. எனக்குத் தெரியலையே! இத்தனை வருசம் கூட இருந்தேன், அவளுக்கு என்னா புடிக்கும்னு எனக்குத் தெரியலையே!"

 அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"கொல்லையில அவரைப் பந்தல் போட்டிருக்காள்ல? மொதப் பூ விட்டதும் பறிச்சு, அந்தக் காதோட்டையில சொருகிக்கிட்டுத்தான் வேலை பாப்பா. ஊதாப் பூவு. அம்புட்டு அழகா இருக்கும். வருசா வருசம் வைப்பா. நீங்க எங்க நிமிந்து பாத்தீக?"

ஆசாரி எழுந்து கொல்லைக்குப் போனார். பந்தல் பூவும் பிஞ்சுமாகக் கிடந்தது. பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஊரையே கூட்டுகிற அந்த அழுகை இல்லை. சத்தமே வரவில்லை, உடம்பு மட்டும் குலுங்கியது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. அம்மா, தங்கம் கேட்க வந்ததை மறந்து, "அழுங்க ஆசாரி, அழுதுருங்க" என்று தானும் அழுதாள்.

எழுந்தவர் ஒரு பூவைக் கிள்ளிக்கொண்டு உள்ளே போய் நெருப்பை மூட்டினார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் தோடு வந்தது. விரிந்த இதழ் இரண்டு, கீழே படகு மாதிரி வளைந்த சின்ன இதழ், நடுவில் ஒரு ஊதாக் கல். அப்படியே பந்தலில் இருந்து பறித்த மாதிரி இருந்தது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் கையாலேயே பாக்கியத்தின் காதில் போட்டுவிட்டாள்.

மணவறையில் மாப்பிள்ளையின் அம்மா குனிந்து பார்த்து, "இது என்னங்க பூவு? எங்கியும் பாத்ததே இல்லீங்களே!" என்றாள்.

"அவரைப்பூங்க. எங்க அத்தை தோடு" என்றாள் பாக்கியம்.

ஆசாரி கல்யாண வீட்டுக்குள் வராமல் பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர், நல்ல காரியத்தில் எதிரே படக்கூடாது என்று அவராகவே ஒதுங்கிக்கொண்டார். தாலி கட்டி முடிந்ததும் பாக்கியம் மாலையும் கழுத்துமாக அவரிடமே வந்துவிட்டாள். தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினாள்.

"மாமா, அத்தைக்கு நல்லா இருக்கா?"

அவர் வெகுநேரம் பார்த்தார். "நல்லா இருக்கு தாயி. அவளுக்கு ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

சாப்பிட வேண்டாம், போகிறேன் என்றார். நான் விடவில்லை. கையைப் பிடித்துப் பந்திக்குக் கூட்டிக்கொண்டு போய் இலைக்கு முன்னால் உட்காரவைத்தேன். நெருப்பில் காய்ந்து காய்த்துப்போன கை. பரிமாற ஆளில்லை என்று எல்லாரும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், எனக்கு அந்தக் கையை விட மனசு வரவில்லை.